பாட்டை மாற்றியதா குறை, வார்த்தை கேட்காததா?

நம் மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ஒரு பாடகர். தம்பியும் கூட்டாளிகளும் பள்ளிக்கூட நாளிலிருந்தே போனில் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர் அண்மையில் மலைக்கு வந்து நகர மைதானத்தில் பாடினார். போனவர்களில் சிலர் "இனி இப்படியொரு ராத்திரி வாய்க்காது" என்கிறார்கள். சிலர் "காசு தண்டம், நல்ல பாட்டையெல்லாம் கெடுத்துவிட்டார்" என்கிறார்கள். ஒரே வேனில் போய் வந்தவர்களே இரண்டு கட்சியாகிவிட்டார்களாம். யார் சொல்வது சரி, இல்லை எல்லாம் அவரவர் ரசனைதானா என்பது அவருடைய கேள்வி.

ரசனை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை, தம்பி. தோட்டத் திருவிழாக்களில் இசைக்கோஷ்டிக்குக் கீபோர்ட் வாசித்து, பிறகு சவுண்ட்ஸ் வேலைக்குப் போனவன் நான். அன்றைக்கு நானும் அந்த மைதானத்தில் இருந்தேன். உங்கள் ஆட்கள் சொல்லும் குறைகளை எடுத்துப் பார்த்தால் சிலது குறையே இல்லை, சிலது பாடகரின் கையில் இல்லாதது. ஒன்றுதான் உண்மையிலேயே வலிக்க வேண்டிய குறை. "என்ன பாடுகிறார் என்றே விளங்கவில்லை" என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்களே, அது. சினிமாப் பாட்டுப் பாட வருகிறவருக்கு வார்த்தை கொஞ்சம் தேய்ந்தாலும் சனம் மனசுக்குள் நிரப்பிக்கொள்ளும். சொந்தமாக எழுதிப் பாடுகிறவர் கொண்டுவந்ததே அந்த வார்த்தைகளைத்தான். அது சனத்திடம் போய்ச் சேரவில்லை என்றால் வெளிச்சம், புகை, பெரிய திரை எல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை.

எங்கே நின்றீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். மேடைக்கு நேரே, மைதானத்தின் நடுவில், மிக்சர் போட்டிருக்கும் கூடாரத்தைப் பார்த்திருப்பீர்கள். சவுண்ட்ஸ்காரர் தன் காதுக்குச் சரியாக வரும் வரைக்கும் எல்லாவற்றையும் கூட்டிக் குறைப்பது அங்கே இருந்துதான். அதனால் அந்தக் கூடாரத்தைச் சுற்றி நின்றவர்களுக்குக் குரலும் கிட்டாரும் தாளமும் அளவோடு கிடைத்திருக்கும். மேடைக்கு ஒட்டி ஓரத்தில், பேஸ் என்கிற அடிச்சத்தம் போடும் பெட்டிகளுக்கு முன்னால் நின்றவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்திருக்கும், குரல் அமுங்கியிருக்கும். பின்னால் வேலியோரம் நின்றவர்கள் கதை வேறு. பேஸ் சத்தம் ஆட்களையும் மரத்தையும் சுற்றிக்கொண்டு எங்கேயும் போகும். கூர்மையான மேல்சத்தம் அப்படிப் போகாது. முன்னால் நிற்கும் கூட்டத்தின் தலையும் உடுப்புமே அதில் பாதியைக் குடித்துவிடும். தமிழில் பொருளைப் பிரித்துக் காட்டுவது க, ச, ட, த, ப என்கிற வல்லோசைகள். அவை தெளிவாகக் கேட்க அந்த மேல்சத்தம்தான் வேண்டும். அது தேய்ந்தால் ஆ, ஓ என்று உயிரோசை மட்டும் தாளத்தின் மேல் மிதந்து வரும். "கத்துகிறார், ஒன்றும் விளங்கவில்லை" என்று பின்னால் நின்றவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் காதுக்கு வந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். மேடையிலிருந்து 70 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தித்தான் குரல் வரும். திரையில் வாய் அசைந்த பிறகு சொல் கேட்கும். அதைப் பார்த்து "வாய்தான் அசைக்கிறார், ரெக்கோட் ஓடுது" என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் மிக்சருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர் பாடினார். அதோடு நம் மைதானங்கள் பள்ளத்தில் இருக்கின்றன, சுற்றிலும் மலை. எதிர்ச்சரிவு 150 மீட்டர் தள்ளி இருந்தால் போன சத்தம் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவில் திரும்பி வந்து, அடுத்து வரும் சொல்லின் மேல் விழும். கொழும்பில் உள்ளரங்கத்தில் செய்து பழகியவர்கள் அதே கணக்கில் இங்கே பெட்டியை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதித் தூரத்தில் இன்னொரு சோடி ஸ்பீக்கர் நிறுத்தி, அதை முன்பெட்டியோடு நேரம் பொருத்தி ஓடவிட்டிருந்தால் பின்னால் இருந்த சனத்துக்குச் சொல் போயிருக்கும். அன்றைக்கு அது இருக்கவில்லை. என் கணக்கில் அன்றைய பெரிய பிழை இதுதான். அது பாடகருடைய பிழையும் இல்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். டிக்கெட் வாங்காமல் மேலே லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், முற்றத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றவர்கள், தங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது என்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். காற்றில்லாத, வானம் வெளித்த இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கிவிடும், மேலே இருப்பது கொஞ்சம் சூடாக இருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து திரும்ப நிலத்துப் பக்கம் வரும். அடுத்த தோட்டத்துக் கோயில் பாட்டு சில ராத்திரியில் வாசலில் பாடுகிற மாதிரி கேட்பது இதனால்தான். அவர்களுக்கு முன்னால் சத்தத்தைக் குடிக்க ஒரு கூட்டமும் இல்லை. கோயில் மரத்தில் கட்டும் பழைய கூம்பு ஒலிபெருக்கியையும் நினைத்துப் பாருங்கள். அதில் பேஸ் கிடையாது, ஆனால் மனிதக் குரலுக்கு வேண்டிய சத்தத்தைத் தள்ளிவிடும். தோட்டத்தில் இரண்டு பிரிவு தள்ளி இருக்கிற கிழவிக்கும் யார் எவ்வளவு அன்பளிப்புக் கொடுத்தார் என்று தெளிவாகக் கேட்கும். புதுப் பெட்டிகள் அதைவிட எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் பேஸுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைச் சொல்லுக்குக் கொடுத்திருக்கலாம்.

சரி, "பாட்டை மாற்றிவிட்டார்" என்பதற்கு வருவோம். வேகமான பாட்டை மெதுவாக்கினார், பல்லவியைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார், எல்லாரும் சேர்ந்து பாடத் தயாராக நின்ற இடத்தில் மெட்டைத் திருப்பினார். இதற்குத்தான் கோபம் அதிகம். எனக்கு அந்தக் கோபம் விளங்குகிறது. பத்து வருடம் ஒரு பாட்டை ஒரே மாதிரிக் கேட்டவனுக்கு அது தன் பாட்டு. அதில் ஒருவர் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பாடகர் பக்கம். ரெக்கோட்டில் நீங்கள் கேட்பது, பல தடவை பாடியதில் நல்ல வரிகளை எடுத்துச் சேர்த்து, ஒரே குரலை இரண்டு மூன்றாக அடுக்கிச் செய்தது. மேடையில் ஒரு தொண்டை, ஒரு மூச்சு. அதோடு பாட்டை எழுதிய ஆள் வளர்ந்துவிட்டார். இருபது வயதில் எழுதிய காதல் பாட்டை நாற்பதில் அதே வேகத்தில் பாடினால் அது நடிப்பாக இருக்கும்.

இதில் பெரிய பாடம், தானே எழுதிப் பாடுகிற அமெரிக்கப் பாடகர் பொப் டிலனுடையது. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில், அதுவரை தனிக் கிட்டாரோடு பாடிய மனிதர் மின்கிட்டார் குழுவோடு வந்து மூன்று பாட்டுப் பாடினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. எதற்குப் போட்டது என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். மின்கிட்டாருக்கா, சத்தம் சரியில்லாததற்கா, மூன்று பாட்டோடு இறங்கியதற்கா? பிறகு அவர் தனிக் கிட்டாரோடு திரும்பி வந்து இன்னும் இரண்டு பாடினார். அடுத்த வருடம் மே மாதம் மான்செஸ்டரில் முதல் பாதி தனியாகப் பாடினார், அமைதியாகக் கேட்டார்கள். இரண்டாம் பாதி குழுவோடு பாடினபோது ஒருவர் "யூதாஸ்", அதாவது காட்டிக்கொடுத்தவன், என்று கத்தினார். ஒரே ஆள், ஒரே மேடை, ஒரே இரவு, இரண்டு வரவேற்பு. கத்தியவரும் காசு கொடுத்து வந்த ரசிகர்தான். அந்தப் பாடகருக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதனால் கத்தியவர் முட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. நேசித்த பாட்டு கை மாறிப் போவதைப் பார்த்தால் அப்படித்தான் வலிக்கும். அந்த வலி உண்மை, அதற்காகப் பாடகர் பழையபடியே பாட வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமில்லை.

நம் மலையிலேயே பாட்டு ஒருநாளும் ஒரே மாதிரி நின்றதில்லை. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்த தோட்டத்துப் பாடல்களைப் பாருங்கள். கொழுந்து மலையில் ஒருவர் பாடியதை அடுத்த தோட்டத்தில் இன்னொருவர் கங்காணி பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஒரு வரி கூட்டிப் பாடுவார். எது அசல் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மையை நினைத்தாலும் அதே கதைதான். 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் தானே கட்டிய பாட்டுகளைத் தானே பாடினவர் அவர். சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புது வார்த்தையை வைத்தார். மெட்டு பழகியது என்றால் காது வார்த்தைக்குப் போகும். மைக் இல்லாத, இருந்தாலும் சரியில்லாத காலத்தில் ஒரு பெண் எழுந்து நின்று சொல்லைச் சனத்திடம் சேர்த்திருக்கிறார். எழுதிப் பாடுகிற யாரையும் நான் அந்தக் கோலில்தான் அளக்கிறேன்.

"சுதியைக் குறைத்துப் பாடினார்" என்பது இன்னொரு முறைப்பாடு. ஒரு கட்டை இறக்கித்தான் பாடினார், உண்மை. வயதாக ஆகக் குரல் இறங்கும், இறக்கிப் பாடுவது தொண்டையைக் காப்பாற்றும். அதோடு நம் குளிர். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர். பனி இறங்கிய பிறகு கீழ்நாட்டு ஆள் வாயைத் திறந்து பாடினால் தொண்டை இறுகும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் கிட்டார் திருகிக்கொண்டே நேரத்தைக் கொன்றார்கள் என்று சொல்கிறீர்கள். கம்பி குளிரில் சுருங்கிச் சுதி ஏறும், புல்லாங்குழலில் சுதி இறங்கும், கீபோர்ட் அசையாமல் அப்படியே நிற்கும். மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல் தொடங்கியிருந்தால் நீங்கள் இதைவிட மோசமாகத் திட்டியிருப்பீர்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லும்போது தப்பு என்கிற தோல்பறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அன்றைக்கு எல்லாரும் அதிகம் பேசியதும் அதைத்தான். பாடகர் பக்கத்துத் தோட்டத்துத் தப்படிக்கிறவர்களை மேடைக்கு அழைத்திருந்தார். நல்ல யோசனை. மேடைக்குப் பின்னால் அவர்கள் பழைய பேப்பரையும் காய்ந்த மானாப் புல்லையும் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தைச் சாய்த்துத் தீக்கு மேல் பிடித்து, விரலால் தட்டி, காதைக் கிட்ட வைத்துப் பார்த்து, திரும்பக் காட்டி. தோல் இறுகி "கணீர்" என்று வந்தவுடன் அடிக்க வேண்டும். பனியில் கொஞ்ச நேரம் போனால் தோல் தளர்ந்துவிடும். நிகழ்ச்சி நடத்தியவர்கள் இவர்களைக் காய்ச்சி முடித்த கையோடு மேடையேற்றவில்லை. அடுத்த பாட்டுக்கு, அதற்கும் அடுத்த பாட்டுக்கு என்று நிறுத்தி வைத்தார்கள். ஏறும்போது சத்தம் பாதி இறங்கிவிட்டது. அத்தனை தப்புக்கும் ஒரே மைக், அதுவும் நாலடி தள்ளி. முன்வரிசைக்கு நேரடியாகத் தோல் சத்தமே கேட்டது, புல்லரித்துப் போனார்கள். பின்னால் வந்தது "தொப், தொப்". அதைக் கேட்டவர்கள் "எதற்கு இது?" என்று கேட்டதில் வியப்பில்லை. இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் இன்னொன்று. கிட்டார்காரர், ட்ரம்ஸ்காரர் பெயரெல்லாம் மைக்கில் சொன்னார்கள். தப்படித்தவர்களின் பெயரை யாரும் சொல்லவில்லை.

அதே தப்புக்கு எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகளும் பேத்தியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "விடிகாலைப் பெரட்டுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு சாமி" என்றார். ஒரு காலத்தில் தோட்டத்தில் இருட்டோடு தப்படித்துத்தான் ஆளைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்குப் பேர் எடுக்கும் இடத்துக்கு, எழுப்பினார்கள். சாவுக்கும் தப்புத்தான், காமன் கூத்துக்கும் தப்புத்தான், அடி மட்டும் வேறு வேறு. கூத்து பார்த்து வளர்ந்த பேத்திக்கு அது கொண்டாட்டம். பெரட்டுக்கு ஓடிய ஆச்சிக்கு அது தோட்டத்துத் துரையின் வேலை நேரம். அன்றைக்கு மேடையில் அடித்தது கூத்தடிதான், ஆனால் மங்கிப் போன சத்தத்தில் அடியின் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? அந்த அம்மாவை "பழைய ஆள்" என்று ஒதுக்கிவிட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசுவது பாதிக் கதைதான்.

புதுப் பாட்டுகள் அதிகம் என்கிற குறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டால் அவர் தன் பழைய பாட்டைத் தானே பாடுகிற கோஷ்டிக்காரர் ஆகிவிடுவார். ஆனால் ஆறேழு புதுப்பாட்டை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தது சரியில்லை. கேட்டறியாத பாட்டில்தான் சனம் சொல்லைத் தேடும், அன்றைக்குச் சொல் கேட்காததும் அங்கேதான். சிங்களப் பாட்டு ஒன்று பாடியதற்கும் முணுமுணுப்பு வந்தது. பக்கத்தில் நின்று அதுவரை மற்றப் பாட்டுகளைப் பொறுமையாகக் கேட்ட சிங்களப் பிள்ளைகள் அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு சந்தோசப்பட்டார்கள் என்று நான் பார்த்தேன். 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ஏ. ஆர். ரகுமான் தமிழ்ப் பாட்டு அதிகம் பாடினார் என்று இந்திப் பாட்டுக்காக வந்த சிலர் எழுந்து போனார்கள். அப்போது நமக்கெல்லாம் கோபம் வந்ததே. அதை மறக்காமல் இருந்தால் போதும்.

பாட்டைப் பற்றிய குறையையும் ஏற்பாட்டைப் பற்றிய குறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். 2023 செப்டம்பர் 10ஆம் திகதி சென்னையில் ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். அவர்களிடம் போய்ப் பாட்டு எப்படி என்று கேட்க முடியுமா? 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிகரன் வந்தபோது கூட்டம் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து நிகழ்ச்சியே குழம்பியது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, நல்ல காலம். ஆனால் சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள் கடைசிப் பஸ்ஸுக்கு நடுவிலேயே கிளம்பினார்கள். எல்லாரும் எதிர்பார்த்த பழைய பாட்டுகளை அவர் கடைசி அரைமணிக்கு வைத்திருந்தார். போனவர்கள் கேட்டது புதுப்பாட்டும் கிட்டார் திருகலும் மங்கின தப்பும். நின்றவர்கள் கேட்டது, குழுவையெல்லாம் இறக்கிவிட்டு அவர் தனிக் கிட்டாரோடு பாடிய பாட்டுகளை. ட்ரம்ஸும் பேஸும் நின்றவுடன் வேலியோரம் வரைக்கும் சொல் போனது. நான் நடந்து போய்க் கேட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "இனி இப்படியொரு ராத்திரி வாய்க்காது" என்றவர்கள் பெரும்பாலும் அந்த அரைமணியைத்தான் சொல்கிறார்கள்.

காசு தண்டம் என்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று 2021 வரைக்கும் போராடிய சனம் இது. டிக்கெட், வேன் காசு, பிள்ளைக்கு ஒரு ரோல்ஸ் என்று சேர்த்தால் சில நாள் சம்பளம் அதில் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டுச் சொல் கேட்காமல் திரும்பினவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. கேட்க வேண்டியது மேடையில் பாடியவரிடம் இல்லை, மைதானத்தை வாடகைக்கு எடுத்து, பெட்டியை அடுக்கி, டிக்கெட் விற்றவர்களிடம்.

ஆகவே தம்பி, உங்கள் வேனில் இரண்டு கட்சியும் தாங்கள் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். மெட்டு மாறியதற்காகக் கோபப்பட்டவர்கள் அந்தப் பாட்டை இன்னும் இரண்டு தடவை, புது வடிவத்தில், சொல்லைக் கவனித்துக் கேட்கட்டும். யாராவது முன்னால் நின்று எடுத்த காணொளி இருக்கும். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் அது சரியான வெறுப்பு, நான் மறுக்கமாட்டேன். அடுத்த தடவை போனால் மிக்சர் கூடாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நடுவில் நில்லுங்கள். நடத்துகிறவர்களுக்கு எழுதுவதானால் பாட்டுத் தெரிவைப் பற்றி எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். மைதானத்தின் பாதியில் இன்னொரு சோடி ஸ்பீக்கர் கேளுங்கள். தப்புக்குத் தனித்தனி மைக்கும், காய்ச்சிய கையோடு மேடையும், அடிக்கிறவர் பெயரை அறிவிப்பதும் கேளுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கள், அப்போது பொகவந்தலாவை ஆட்களும் கடைசிப் பாட்டுக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறலாம்.